ஃப்ரீசரில் ஒரு சேவல் கழுத்து

என்னைப் பற்றி எங்கள் சந்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் மூக்கைச் சுருக்குவார்கள், அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். "பாச்சை உருண்டைக்காரரா? மாடியில கீறாரு, போங்கோ" என்று வழி சொல்வார்கள். ராயபுரத்தில் மீன் வாடையை யாரும் வாடை என்றே சொல்வதில்லை. துறைமுகத்து லாரிகளின் டீசல் புகையும் அப்படியே பழகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் என் மேல் அடித்த பாச்சை உருண்டை நெடி தனியாகத் தெரிந்தது என்றால், நான் எந்த அளவுக்குப் போயிருந்தேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் எனக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். என் வயசுக்குக் கொடுக்கிற மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் ட்ரெய்லர் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போடுவேன். இறாலைக் கோத்துப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்காருகிற வேலை எனக்குப் பிடிக்காது. தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் ஆட்டு வால் முடியையும் வைத்து, நூலால் சுற்றிக் கட்டி, குட்டி மீன் மாதிரி ஒன்றைச் செய்து தண்ணீரில் போட்டு இழுப்பேன். பெரிய மீன் ஏமாந்து வந்து கவ்வும். எங்கள் பக்கத்துக் கடல்காரர்கள் கானாங்கெளுத்திக்கு வெள்ளை இறகு கட்டிப் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் ஃபோனில் வெளிநாட்டுக்காரர்கள் கட்டுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதையே கொஞ்சம் ஓவராக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரி வேறு மாதிரி சொல்வாள். வண்ணாரப்பேட்டை கறிக்கடை பாய் எனக்காகவே நல்ல சேவலின் கழுத்துத் தோலை இறகோடு உரித்து எடுத்து வைப்பார். ஆட்டு வாலும் அவரிடம்தான். யானைக்கவுனியில் பளபளவென்று ஜிகினா நூல், துணிக்குப் போடுகிற சாயம். தோலை உப்புத் தடவிக் காயவைத்து, சோப்புப் போட்டு அலசி, மறுபடி காயவைத்து, கிளிப்பச்சையிலும் சிவப்பிலும் சாயம் ஏற்றுவேன். மொட்டை மாடிக் கயிற்றில் பச்சைக் கழுத்தும் சிவப்புக் கழுத்தும் வரிசையாகத் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி துணி எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல கழுத்து ஒன்று கிடைப்பது லேசில்லை. இறகு நீளமாக, தண்டு மெலிசாக, சுற்றும்போது ஒடியாமல் இருக்க வேண்டும். கடையில் வருகிற சேவலில் பாதிக்குமேல் சொத்தை. அதனால் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன், மகளின் பழைய அறையில்.

ஒரு மழைக்காலத்தில் பிஸ்கட் டின்னைத் திறந்து, எனக்கு ரொம்பப் பிடித்த சிவப்புக் கழுத்தை எடுத்தேன். தோல் மட்டும் கையில் வந்தது. இறகெல்லாம் டின்னுக்குள்ளேயே உதிர்ந்துவிட்டது. அடியில் மணல் மாதிரி பொடி. அந்தப் பொடிக்கு நடுவில் அரிசி அளவுக்குச் சின்னச் சின்னக் குழல்கள். ஒன்றை நகத்தால் பிரித்தால் உள்ளே வெள்ளைப் புழு. சிவப்பு இறகைத் தின்ற புழு சிவப்புச் சட்டை போட்டிருந்தது, பச்சையைத் தின்றது பச்சைச் சட்டை. நான் ஏற்றிய சாயத்தில் அதுகளுக்குத் தீபாவளி!

அந்துப்பூச்சி. விளக்கைச் சுற்றுகிற பூச்சி இல்லை இது. மங்கின தங்க நிறத்தில் துளியூண்டாக இருக்கும், வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும். பறக்கிற பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாதாம். முட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும், தின்பதெல்லாம் குஞ்சுப் புழுதான். இது தெரியாமல் நான் பறக்கிறதையெல்லாம் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்த எதையும் அடிப்பது என் சுபாவம். பட்டறையில் போல்ட்டு கழலாவிட்டாலும் முதலில் சுத்தியலைத்தான் தேடுவேன்.

அந்தக் கோபத்தில்தான் பாச்சை உருண்டைக்குப் போனேன். மொத்தக் கடையில் பை பையாக வாங்கி வந்தேன். டின்னில், பீரோவில், கட்டிலுக்கு அடியில், பரணில் எல்லாம் போட்டேன். அந்த ஆவியில் சில பிளாஸ்டிக் டப்பாக்கள் இளகிக் கையில் ஒட்டின. பூச்சி செத்தது. ஆனால் மீனும் வருவதை நிறுத்திவிட்டது. என் முள்ளுக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மீனை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணியில் சாம்பல், அனல் மின் நிலையத்தின் சூடு என்று ஊரில் இருப்பதையெல்லாம் குற்றம் சொன்னேன்.

என்னை ஒத்துக்கொள்ள வைத்தவள் என் மகள். வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். போன வருஷம் ஒன்று உண்டாகி நிற்காமல் போயிருந்தது. அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்தத் தடவை ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. என் வீட்டுக்காரி அப்போதே பழைய புடவைகளைத் துவைத்து, துணி கிழித்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள்.

"நைனா, ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. பாச்சை உருண்டை வச்ச ரூமு, துணி எதுவும் கொயந்தை பக்கமே வரக் கூடாதாம். ரத்தத்துக்கே ஆவாதாம். எனக்கும் அந்த நாத்தம் நெனச்சாலே கொமட்டுது. ரூமை ஒயுங்கா பண்ணு. இல்லாட்டி நான் வர மாட்டேன்."

"ஒடனே பண்ணிடறேன் கண்ணு" என்றேன். ஃபோனை வைத்ததும் என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நான் தொண்டை கிழிய கத்தினேன், கேட்டியா? இப்போ பொண்ணு சொன்னா ஒடனே ஆவுதா?" என்றாள். ஆனது. அன்றைக்கே உருண்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்தேன். பீரோவை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் நிறுத்தினேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், ஜன்னலை மூடவே விடவில்லை. நெடி மெல்லக் குறைந்தது. ஆனால் இறகை என்ன செய்வது? உருண்டை இல்லாவிட்டால் பூச்சி மறுபடி குடிவரும்.

வீடியோக்காரர்கள் இதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். நான்தான் உருண்டை மயக்கத்தில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறகைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்க வேண்டும். புழு செத்துவிடும். அப்புறம் வெளியே எடுத்து ரெண்டு நாள் வைக்க வேண்டும். தப்பித்த முட்டை ஏதாவது இருந்தால் குளிர் போய்விட்டது என்று நம்பிப் பொரிக்கும். மறுபடி உள்ளே வைத்தால் அதுவும் காலி. எனக்கு இந்த ஏமாற்று வேலை ரொம்பப் பிடித்துப்போனது. மீனை ஏமாற்றுகிறவன் பூச்சியையும் ஏமாற்ற வேண்டியதுதானே! கூடவே பலத்துக்கு இருக்கட்டும் என்று வசம்பு, கிராம்பு, காய்ந்த வேப்பிலையை வெள்ளைத் துணியில் முடிந்து, கையில் இருந்த சிவப்பு நூலாலேயே சுற்றிக் கட்டி, பைக்கு ஒன்றாகப் போட்டேன். அந்த முடிச்சை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"என் வஞ்சிரத்துக்குப் பக்கத்துல உன் கோயி கயுத்தா?" என்று வீட்டுக்காரி ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள். கடைசியில், பேப்பரில் சுற்றி ரெண்டு கவரில் போட்டு ஓரமாக வைப்பதாக சமாதானம் ஆனது.

வளைகாப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது சம்பந்தியம்மா பேச வந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, கோயில் வாசலில் பூ வியாபாரம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன். பேச்சில் காரம், கையில் வேகம். பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டித் தள்ளிவிடுவார். எனக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. அன்றைக்குக் கொளுத்துகிற வெயில். என் வீட்டுக்காரி அடுப்பில் கையாக இருந்தாள். "நீங்கோ இருங்கோ, நானே எடுத்துக்கறேன்" என்று அவரே ஐஸுக்கு ஃப்ரீசரைத் திறந்தார்.

ஐஸ் தட்டோடு ஒட்டிக்கொண்டு என் பொட்டலமும் வந்து கீழே விழுந்து பிரிந்தது.

கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சேவல் கழுத்து. கற்றைக் கறுப்பு முடி. இறகோடு சேர்ந்து உள்ளே போயிருந்த நாலைந்து இரும்பு முள். சிவப்பு நூல் சுற்றிய வெள்ளைத் துணி முடிச்சு. அதைப் பிரித்தால் வேப்பிலையும் வசம்பும். என் கண்ணுக்கு அது என் ஞாயிற்றுக்கிழமை. அவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். சத்தமாகச் சிரித்தேன்.

"சம்பந்தி! இன்னாது இது?"

"பூச்சி வராம இருக்கத்தான் சம்பந்தியம்மா. ஒரு வாரம் உள்ள வெக்கணும், ரெண்டு நாள் வெளிய எடுக்கணும், அப்பால மறுபடி..."

"நாள் கணக்கு வச்சி செய்றீங்களா?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "மாசமா கீற பொண்ணு வர்ற வூட்ல, கோயி கயுத்தும் முடியும் முடிச்சுமா? யாருக்கு வச்சீங்கோ இதை?"

"ஐயோ, அது தூண்டிலுக்கு!"

"தூண்டிலுக்கு எதுக்கு ஐஸ் பொட்டியில வசம்பு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அந்துப்பூச்சி, முட்டை, ஏமாற்றுவது என்று நான் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது. என் வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்து காலில் விழாத குறையாகச் சொன்னாள். சம்பந்தியம்மா காதில் வாங்கவில்லை. "வளைகாப்பு என் வூட்ல நடக்கும். அதுக்கு நீங்கோ தாராளமா வாங்கோ. ஆனா எம் மருமவ இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. புள்ளை என் வூட்லயே பொறக்கட்டும்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

என் வீட்டுக்காரி திட்டியிருந்தால் தேவலாம். அடுக்கி வைத்த பழைய துணிகளுக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் மகள் ஃபோன் செய்தாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "பச்சைக் கலர் கோயியா நைனா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு அம்மாகிட்ட வரணும் நைனா. அத்தைகிட்ட எதனா பேசு" என்றாள். "பேசறேன் கண்ணு" என்றேன். என் இத்தனை வருஷத்து இறகும் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் குப்பையாகத் தெரிந்தது.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். சம்பந்தியம்மா பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பூ வேணுமா?"

"இல்ல, சம்பந்தியம்மா..."

"அப்போ தள்ளி நில்லுங்கோ. யாவாரம் கெடுது."

தள்ளி நின்றேன். நாலு பேர் வந்து பூ வாங்கிப் போனார்கள். என்னை யாரும் அப்படி நிற்க வைத்ததில்லை. அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "இந்தப் பொட்டலத்துல கீறதை வச்சி உங்க கண்ணு முன்னாடியே கட்டி, மீன் புடிச்சிக் காட்டறேன். காட்டினா பொண்ணை அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

பூ கட்டிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவின் விரல் முதல் தடவையாக நின்றது. "காட்டுங்கோ, பார்க்கலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரியும் ராயபுரத்தில் விடிகாலை ரயில் ஏறினோம். சம்பந்தியம்மா கொருக்குப்பேட்டையில் ஏறினார். கையில் இட்லிப் பொட்டலம், குடை. எங்களுக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்து, எண்ணூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.  வீராப்பாகப் பேசிவிட்டேன். ஆனால் மீன் என்ன என் மாமன் மகனா, கூப்பிட்டதும் வர? பல ஞாயிறு வெறுங்கையோடு திரும்பியவன் நான்.

முகத்துவாரத்துக் கல்லில் துண்டை விரித்து, பட்டறையில் நானே செய்த கைப்பிடி வைஸ் இடுக்கியில் முள்ளைப் பிடித்து, கட்ட ஆரம்பித்தேன். கறுப்பு முடியில் ஒரு சிட்டிகை வைத்து நூல் சுற்றினேன். ஜிகினா இழை ரெண்டு. பிறகு பச்சைக் கழுத்திலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, தண்டை வைத்துச் சுற்றினேன். இறகு ஒவ்வொரு சுற்றுக்கும் விரிந்து நின்றது. சம்பந்தியம்மா முதலில் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அப்புறம் குடையோடு நகர்ந்து வந்தார். அப்புறம் குடையை மடக்கிவிட்டார்.

"நூலை ஒரு தபா மடிச்சி, உள்ள வுட்டு இழுக்கறீங்களே, இது பூ கட்ற முடிச்சுதான?"

"அதேதான் சம்பந்தியம்மா. அவுராம இருக்க கடைசியில ரெண்டு தபா போடுவேன். மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ்."

"அடப்பாவி, என் நெயில் பாலிஷ் எங்க போச்சுன்னு தேடினேனே!" என்றாள் என் வீட்டுக்காரி. சம்பந்தியம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல சகுனம்.

வீசினேன், இழுத்தேன். வீசினேன், இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. இட்லி தீர்ந்தது. பக்கத்துக் கல்லில் இறால் கோத்துப் போட்டவர் கெளுத்தி கெளுத்தியாகத் தூக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கடலில் தள்ளிவிடலாமா என்று இருந்தது. இடம் மாற்றினேன், வேகத்தை மாற்றினேன். கை வலித்தது. திரும்பிப் பார்க்கவே பயம். என் வீட்டுக்காரி முணுமுணுவென்று எல்லாச் சாமியையும் கூப்பிடுவது காற்றில் கேட்டது. கோயிலும் மாதாவும் தர்காவும் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

கடல் தண்ணி ஆற்றுக்குள் ஏறத் தொடங்கிய நேரத்தில், டொக்கென்று ஓர் இழுப்பு. கம்பு வளைந்தது. "கொடுவா! பெரிய கொடுவா!" என்று நான் கத்திய கத்தலில் ரெண்டு பேரும் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூண்டில் நூலைச் சுற்றினேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, கல்லில் விழுந்து துள்ளியது.

பாறை மீன் குட்டி. என் உள்ளங்கையைத் தாண்டாது. என் முள்ளே அதன் வாய்க்குக் கொஞ்சம் பெரிசு.

நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளித்தேன். வேறென்ன செய்ய? சம்பந்தியம்மா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீனைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இத்தினூண்டு மீனுக்கா ஐஸ் பொட்டி, வசம்பு, நாள் கணக்கு எல்லாம்? சூனியம் வெக்கிறவன் இத்தைப் புடிச்சிகினு இப்டி இளிக்க மாட்டான் சம்பந்தி!"

என் வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டாள். இறால் போட்ட ஆளும் சிரித்தார். அவமானமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு அந்தக் குட்டிப் பாறையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முள்ளைக் கழற்றி, மீனைப் பையில் போடப் போனேன். சம்பந்தியம்மா கையை நீட்டித் தடுத்தார். "வாணாம். குட்டி. வுட்டுடுங்கோ" என்றார். விட்டேன். வால் ஒரு தடவை மின்னியது, அவ்வளவுதான், காணோம்.

திரும்பி வரும் ரயிலில் அவர் எங்கள் பலகையிலேயே உட்கார்ந்தார். விம்கோ நகர் தாண்டியதும் தானாகவே பேசினார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சம்பந்தி. பயம். போன தபா காலையில மருமவ நல்லாத்தான் இருந்தா. நான் பூ வாங்கப் போய்ட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. அதுலேர்ந்து எதைப் பார்த்தாலும் பயம். பல்லி கத்தினா பயம், பூனை வந்தா பயம். உங்க வூட்டுக்குப் போய்ட்டா நான் எங்கேர்ந்து பார்த்துக்குவேன், சொல்லுங்கோ? எம் புள்ளைக்கு ராத்திரி ஷிஃப்டு. வூட்ல நானும் செவுரும்தான்."

என் வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் நான் சிரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"ரூமு நாத்தமெல்லாம் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு" என்றாள் என் வீட்டுக்காரி. "இந்த மனுஷனோட இறகுதான் பாக்கி. ஃப்ரீசர்ல எடமும் இல்ல. பொண்ணுக்குப் பழச்சாறு, மீனு எல்லாம் வெக்கணும். வெளிய வச்சா மறுபடி பூச்சி, மறுபடி உருண்டை."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லூசா நீங்கோ? இத்தினி நாள் சேத்து வச்சதைப் போடறதா? என் வூட்ல பூவுக்குன்னே தனியா ஒரு ஃப்ரிட்ஜ் கீது. கீழதான் பூ வெப்பேன். மேல ஃப்ரீசர் சொம்மாத்தான் கீது, பூவை அங்க வச்சா கருகிடும். குடுங்கோ, நான் வச்சிக்கறேன். தண்ணி எறங்காம கட்டிக் குடுங்கோ. ஈரம் பட்டா எதுவும் நிக்காது." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒரு வாரம் உள்ள, ரெண்டு நாள் வெளிய, அப்பால மறுபடி உள்ள. அதான கணக்கு?" என்றார். அன்றைக்குக் கோபத்தில் கேட்டதை ஒன்று விடாமல் மனசில் வைத்திருந்தார்.

வளைகாப்பு அன்றைக்கு ஹவுசிங் போர்டு வீடு கொள்ளவில்லை. சந்தனமும் எலுமிச்சை சாதமும் கலந்து மணத்தது. மகளின் ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். சாப்பாடு முடிந்து, அழைத்துப் போகிற நேரம் வந்தது. நான் ஆட்டோவிலிருந்து என் பெட்டியை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். எல்லாக் கழுத்தும் எல்லா வாலும், சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, பை பையாகக் கட்டி அடுக்கியிருந்தது. என் மகள் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். படி அகலம் குறைச்சல். சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டு, பெட்டியோடு பின்னாலேயே இறங்கினேன்.

கீழே வாசலில் சம்பந்தியம்மா அவள் கையை விட்டுவிட்டு, என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"உங்க பொருள் என்கிட்ட பத்திரமா இருக்கும் சம்பந்தி. நான் தெனம் பார்ப்பேன். என் பொருள்..." என்று நிறுத்தினார். என் மகளின் கொண்டையில் பூ சரியாகத்தான் இருந்தது, அதை மறுபடி ஒரு தடவை சரி செய்தார்.

 "சரி சம்பந்தியம்மா" என்று சொல்லி, மகளைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆட்டோ கிளம்பியதும் மகள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். "நைனா, அத்தை அந்தப் பொட்டியை இடுப்புல தூக்கி வச்சிகினு நிக்குது பாரேன்" என்றாள். அவள் அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. முன்னால் சாலை முழுக்கப் பள்ளம், லாரிச் சக்கரம் தோண்டிப் போட்ட பள்ளம். டிரைவரின் தோளைத் தொட்டு, "மெதுவாப் போப்பா, ரொம்ப மெதுவா" என்றேன்.